பேரத்துக்குக் கூட வருபவர்

கார் வாங்கத் தீர்மானித்த குடும்பம் ஷோரூமுக்குத் தனியாகப் போவதில்லை. பணம் கட்டுகிறவர், ஓட்டப்போகிறவர், நிறம் சொல்லப்போகும் பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிய பிறகு, வழியில் இன்னொருவரையும் ஏற்றிக்கொள்வார்கள். அவர் சித்தப்பாவாக இருக்கலாம், ஒன்றுவிட்ட மாமாவாக இருக்கலாம், மாடி வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரியாகவும் இருக்கலாம். “அவர் வந்தா விலையை இறக்கிடுவார்” என்பதுதான் அவருடைய தகுதிச் சான்றிதழ். உள்ளே நுழைந்ததும் அவர் காரைப் பார்க்க மாட்டார். பார்த்தால் ஆசை தெரிந்துவிடுமாம். போகிற போக்கில் ஒரு கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார், அவ்வளவுதான். நீட்டிய காபியையும் மறுத்துவிடுவார். பிறகு விற்பனைப் பையனின் அரைமணி நேர விளக்கத்தை ஒரு கையசைப்பில் வெட்டி, “தம்பி, கதையெல்லாம் வேண்டாம். ஃபைனலா என்ன?” என்பார்.

இவரை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. காய்கறிச் சந்தையில் இவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு விலை. அதைக் கீழே தள்ளினால் தீர்ந்தது, மேலே கொசுறும் கிடைக்கும். ஷோரூம் கொட்டேஷனில் இருப்பவையோ ஏழெட்டு வரிகள்: ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், நீட்டித்த வாரண்டி, ஆக்சசரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ். இவர் முதல் வரியையும் கடைசிக் கூட்டுத்தொகையையும் மட்டும் பார்க்கிறார். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு இறங்கியது என்பதே இவருக்கு முக்கியம். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கி, செஸ்ஸும் போனதில் விலை தானாகச் சரிந்தது. அந்த வாரம் ஷோரூம் ஏறியிருந்தால், இவர் அதையும் தன் கணக்கில்தான் வரவு வைத்திருப்பார்.

பேரம் செல்லாத இடத்தில்தான் இவர் குரல் ஓங்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த சாலை வரி, 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம். “டாக்ஸ்ல ஏதாவது பார்த்துப் போடுங்க” என்று அதில் கேட்பார்; பையன் என்ன, அவன் முதலாளியே நினைத்தாலும் முடியாது. இன்சூரன்ஸ் வரியை மட்டும் வாய் திறக்காமல் தாண்டிவிடுவார். மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், அரசு நிர்ணயிப்பது. வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியும், பம்பர் டு பம்பர் போன்ற சேர்க்கைகளும் அப்படியல்ல. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் இன்னும் வேடிக்கை. ஷோரூம் விலை என்பதே வண்டி ஷோரூம் வந்து நிற்பதற்கான விலைதான். நிற்கிற வண்டியை யார் எங்கே ‘ஹேண்டில்’ செய்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டாலே பல இடங்களில் அந்த வரி கூச்சப்பட்டு மறைந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் அதைக் கேட்க வாயெடுப்பாள். “பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல” என்பார் இவர்.

கடன் பேச்சில் நிலைமை இன்னும் மோசம். “வட்டி 7 சதவீதம்தான் சார், ஃபிளாட்” என்றதும் இவர் முகம் மலரும். 5 வருடக் கடனுக்கு ஃபிளாட்டில் 7 என்றால், குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிடும் வட்டியில் அது ஏறக்குறைய 12.5. அந்த வித்தியாசத்தில் இவர் இலவசமாகக் கேட்கும் மேட், சீட் கவர், பிள்ளையார் சிலை எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்கி, தெருவுக்கே விநியோகிக்கலாம்.

அப்படியானால் இவர் பேசிப் பத்தாயிரம் குறைந்தது என்று வீட்டில் சொல்வது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. “மேனேஜரைக் கூப்பிடுங்க” என்று இவர் அதட்ட, பையன் கண்ணாடி அறைக்குள் போய் ஐந்து நிமிடம் கழித்துத் தியாகியின் முகத்தோடு திரும்பி வந்து சொன்ன அந்தப் பத்தாயிரம், பெரும்பாலும் அந்த மாதத்துக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய தொகை. தள்ளுபடியைப் பெருக்குவது குரல் அல்ல, காலண்டர். ஆடியில் வண்டி எடுக்க ஆள் தயங்குவார்கள். டிசம்பரில், வருடம் மாறினால் வண்டி ‘போன வருஷத்து மாடல்’ ஆகிவிடும். மாதக் கடைசியில் விற்பனை இலக்கு கழுத்தை நெரிக்கும். இவரோ உட்கார்ந்த வேகத்தில், “ஆயுத பூஜைக்கு வண்டி வீட்டு வாசல்ல நிக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் பேரத்தையே ஆரம்பிப்பார். காத்திருக்க முடியும் என்பது ஒன்றே வாங்குகிறவன் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு. அதை முதல் வாக்கியத்திலேயே மேசையில் விரித்து வைத்த பிறகு, மீதியெல்லாம் வீட்டாருக்காக நடக்கும் கச்சேரி.

ஆனாலும், விலை கேட்கவே கூச்சப்படுகிறவர்களுக்கு இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது தெம்புதான். அதை மறுக்க மாட்டேன். “வாங்க, வேற ஷோரூம் பார்க்கலாம்” என்று சட்டென எழுந்திருக்கும் துணிச்சல் எல்லாருக்கும் வராது. என்ன, இவர் எழுந்தால் பையனுக்குத் தெரியும்: வாசல்வரை போய்த் திரும்புவார். இவர் வந்த வீட்டுக்கு அன்றே புக்கிங் முடிந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் இவரை அவன் ‘அங்கிள்’ என்று அவ்வளவு பாசமாகக் கூப்பிடுகிறான்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளும்போது இந்தக் கலை உச்சத்துக்குப் போகும். அதற்கு இன்னொரு ஐயாயிரம் ஏற்றி வாங்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார். ஆனால் அதே பழைய வண்டியை ஐந்து வருடம் கிளெய்ம் வாங்காமல் ஓட்டியதற்காக, புது வண்டியின் சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கே சொந்தம். கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும். அதை யாரும் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தாயிற்று. இவர் இப்போது சர்வீஸ் பக்கம் நின்று, மட் ஃப்ளாப் நாலும் வந்துவிட்டதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.