நேரம் பிடிபடாதவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வருஷம் முழுக்க லேட். முதலாளி என்னைச் சோம்பேறி என்கிறார். மொபைலில் ஒரு வீடியோ பார்த்ததும் எனக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் கோளாறு இருக்குமோ என்று தோன்றுகிறது. நிஜமா, சாக்கா?

பதில்: வீடியோவை நம்பி முடிவு கட்டாதீர்கள். முதலாளி சொன்னதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூட நாட்களில் எத்தனை குடை, எத்தனை டிபன் பாக்ஸ் தொலைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். இந்தக் கவனக் கோளாறு நாற்பது வயதில் திடீரென முளைப்பதில்லை. 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்க வேண்டும்; கடையில் மட்டுமின்றி வீட்டிலும் தொல்லை தர வேண்டும். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு மூன்றும் இதே வேஷம் போடும். பிரித்துப் பார்க்க மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்தில் இல்லாத நோய் இப்போது எங்கிருந்து வந்தது?

பதில்: 1798-லேயே அலெக்சாண்டர் கிரிக்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கவனம் நிலைக்காதவர்களைப் பற்றி எழுதிவிட்டார். தாத்தா காலத்திலும் இருந்தார்கள். அடி வாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

கேள்வி: பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறேன். உட்கார்ந்தால் சாப்பாடுகூட நினைவிருக்காது. ஆனால் சேலை ஒப்படைக்கும் தேதி மட்டும் தவறிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு கவனம் உள்ளவனுக்குக் கவனக் கோளாறு இருக்குமா?

பதில்: இருக்கலாம். கவனமே இல்லாமல் போவதல்ல இது. வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் கவனத்தைத் திருப்ப முடியாமல் போவது. தறியில் ஒவ்வொரு ஊடைக்கும் பலன் உடனே தெரிகிறது. புட்டா வளர்கிறது, கரை உடலோடு சேர்கிறது. அடுத்த மாதத் தேதி அப்படிக் கண்ணில் தெரிவதில்லை.

தலைக்கு மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பாருங்கள். எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று நீங்கள் மனப்பாடம் செய்வதில்லை. அட்டையின் துளை சொல்கிறது. அதை யாரும் நெசவாளியின் குறை என்று சொன்னதில்லை. தேதிக்கும் அப்படி ஓர் அட்டை போடுங்கள். தினசரி காலண்டர்த் தாளைக் கிழித்ததும், நேற்று எத்தனை முழம் நெய்தீர்கள், இன்னும் எத்தனை பாக்கி, ஒப்படைக்க எத்தனை நாள் என்று பின்பக்கம் பெரிதாக எழுதித் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும், அதுதான் முக்கியம். கோர்வைச் சேலைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுகிறவர் இருந்தால், தேதியை நினைவூட்டும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: ஒரகடத்தில் வேலை. நான்கு அலாரம் வைத்தும் கம்பெனி பஸ் போய்விடுகிறது.

பதில்: அலாரம் எழுப்பும், கிளப்பாது. எழுந்த பிறகு ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று தோன்றுகிறதே, பஸ்ஸை விடுவது அங்கேதான். இந்தக் கோளாறில் நேரம் ஓடுவது உள்ளே உறைப்பதில்லை. குளிக்க, உடுத்த, சாப்பிட எவ்வளவு ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் உங்களையே திடுக்கிட வைக்கலாம். ஓர் அலாரத்தை வாசலைத் தாண்ட வேண்டிய நேரத்துக்கு வையுங்கள். அடையாள அட்டை, சாவி, சாப்பாட்டுப் பை மூன்றும் இரவே செருப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வைகாசிக் கருட சேவை அன்று ஊரே தெருவில் நிற்கும், இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். அந்த நாளை இப்போதே குறித்துவையுங்கள்.

கேள்வி: என் கடைத் தம்பி விற்பனையில் கெட்டிக்காரன், ஸ்டாக் ஒழுங்கு வரவே வராது. நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அவருக்கும் இந்தக் கவனக் கோளாறு இருக்கலாம். ஸ்டாக்கை வேறொருவரிடம் கொடுங்கள். இவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், அதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுக்கும் 21 வகைகளில் இந்தக் கோளாறு தனிப் பெயரில் இல்லை. இருந்திருக்க வேண்டும். சேர்க்கும்வரை இவர்களுக்கு இருப்பது உங்களைப் போன்ற முதலாளிகளின் நல்ல மனசுதான்.

கேள்வி: மாத்திரை உண்டா? யாரிடம் கேட்பது?

பதில்: உண்டு. மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்சிட்டின் இரண்டும் பலருக்கு உதவுகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மனாஸ் சேவைக்கு 14416-ல் பேசுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.