கார்பரேட்டர் துரு நிவாரண விசாரம்

சாஸ்திரம் காணாத பொருள் இனி உலகில் ஏதுமில்லை என்று சாதிப்பவர்கள், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்துப் பண்ணைக் கொட்டகைகளில் இன்னும் ஆயுள் தீராமல் நிற்கும் பழைய டிராக்டர்களையும், அவற்றின் கார்பரேட்டரைப் பிரித்துப் பரப்பிவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் போக்கும் கனவான்களையும் ஒருமுறையேனும் கண்டிருப்பார்களானால், தங்கள் கட்சியைத் தாங்களே கைவிட்டிருப்பார்கள். ஆராய்ச்சிக்கு எல்லை வகுத்துக்கொள்வது நூல் மரபாதலின், 1947 முதல் 1952 வரை ஃபோர்டு கம்பெனியார் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து விற்ற 8என் டிராக்டருக்குரிய மார்வெல்-ஷெப்லர் வார்ப்பிரும்புக் கார்பரேட்டர் ஒன்றையே ஈண்டு விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம். (இந்த டிராக்டரின் எஞ்சினுக்கும் அடிப்பாகத்துக்கும் கம்பெனியாரே சிவப்புச் சாயம் பூசி அனுப்பினார்கள், அது தற்செயலா, தீர்க்கதரிசனமா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.)

துரு இரும்புக்கு இயல்பா, வந்தேறியா என்பதே முதல் வினா. செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரோடு உடன்பிறந்தது என்று கூறும் சைவ சித்தாந்திகள் அதனைச் சகஜமலம் என்றும், பின்னர் வந்து கூடியவற்றை ஆகந்துக மலம் என்றும் வகுப்பர். காற்றின் பிராணவாயுவும் நீரும் வந்து கூடிய பின்னரே துரு தோன்றுகிறது. பெட்ரோலைவிடக் கனமானதாகையால், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் அடியில் போய்த் தங்கிவிடும் துளி நீர் அதற்குப் போதிய காரணமாகிறது. ஆதலால் துரு ஆகந்துகமே என்பது பூர்வபக்ஷம். இதனை மறுக்கிறோம். மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் வெட்டியெடுக்கப்பட்டபோது இரும்பு எவ்வடிவில் இருந்தது? பிராணவாயுவோடு பிணைந்த செந்நிறக் கல்லாக, அதாவது ஏறக்குறையத் துருவாகவே இருந்தது. அதனை உலையிலிட்டு, பிராணவாயுவைப் பலவந்தமாகப் பிரித்து, அச்சில் வார்த்து, ஊசியும் ஜெட்டும் பொருத்திக் கார்பரேட்டர் என்று நாமகரணம் செய்தவன் மனிதன். ஆகவே துருவே சகஜம்; கார்பரேட்டர்தான் ஆகந்துகம். கொட்டகையில் பல்லாண்டு வாளாவிருந்து, தன் பூர்வாசிரமத்துக்குத் திரும்பும் தறுவாயில் இருக்கும் ஒரு பொருளை வழிமறித்து இழுத்து வருவதைத்தான் ‘சுத்தம் செய்தல்’ என்கிறார்கள். இந்தச் சித்தாந்தம் டிராக்டர் உடையவர்களுக்கு ருசிப்பதில்லை.

அழுக்கு, துருவோடு ஒரே அறையில் குடியிருந்தாலும் வேறு குலம். தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போனபின் எஞ்சும் பிசின் அது. அசிட்டோனுக்கு அடங்கிவிடும்; அதனோடு அதிகம் வாதிட வேண்டியதில்லை.

நிவாரண மார்க்கங்களுள் காடி மதத்தார் வினிகரில் ஓரிரு நாள் ஊறவைப்பர். அமிலம் துருவைத் தின்று முடித்த பின்னும் பசியடங்காமல் நல்ல இரும்பிலும் கைவைத்து, வார்ப்பிரும்புக்குள் இருந்த கரியைக் கறுப்பு மையாக வெளியே தள்ளும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து இரண்டு மூன்று வாரம் பொறுத்திருப்போர் சாத்விகர்கள். இரும்புக்கு அவர்களால் தீங்கில்லை, ஆனால் அந்த நாற்றத்துக்கு அயலார் சாத்விகமாக இருப்பதில்லை. தவறிப்போய் அலுமினியத் துண்டு ஏதேனும் உள்ளே கிடந்தால் அதுவும் கரைந்துபோகும். வெந்நீர் மதத்தார், கொதிக்கவைத்துச் செந்துருவைக் கருந்துருவாக்கித் தேய்த்தெடுப்பர். எதிரியை ஒழிக்குமுன் நிறம் மாற்றிச் சமாதானம் பேசும் இந்த மதத்தில் நமக்குக் கொஞ்சம் மயக்கம் உண்டு.

எனினும் யுக்திக்கு மிகவும் பொருந்துவது மின்சார மதமே. சலவை சோடா கரைத்த நீரில் கார்பரேட்டரைக் கம்பியில் தொங்கவிட்டு, அதனை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையோடும் இணைத்தால், துரு இளகிக் கழன்றுவரும். பழியெல்லாம் தகட்டின்மேல் விழும். முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் கார்பரேட்டர் பலியாகித் தகடு மோட்சமடையும். துருப்பிடிக்காத எஃகைத் தகடாக வைப்போர், குரோமியத்தின் கொடிய விஷம் ஒன்றைத் தாமே உற்பத்தி செய்தவராவர். ஹைட்ரஜன் கிளம்புவதால் யாகத்தைத் திறந்த வெளியிலேயே நடத்த வேண்டும். அக்கினி மட்டும் கூடாது.

இம்மதத்துக்கும் ஒரு குறை உண்டு. மின்சாரம் தகட்டுக்கு நேர்முகமான பரப்பிலேயே வேலை செய்வதால், எஞ்சின் நிதானமாக ஓடும்போது பெட்ரோல் செல்லும் நுண்துளைகளின் உட்புறம் அப்படியே இருந்துவிடும். அத்துளைகள் பிரத்தியட்சப் பிரமாணத்துக்கு அகப்படாதவை. ஒரு வாயில் திரவத்தைப் பீச்சி மறுவாயில் அது வெளிப்படக் கண்டு அனுமானித்தே அறியத்தக்கவை. கிட்டார்க் கம்பியை நுழைத்துப் பார்ப்பாரும் உளர். பித்தளை ஜெட்டில் முரட்டுக் கம்பி புகுந்தால் துளை அகன்று பெட்ரோல் அளவு மீறும் என்று அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம், கேட்கமாட்டார்கள். கழுவித் துடைத்துவிட்டு எண்ணெய் பூசச் சோம்பினால் சில நிமிஷங்களிலேயே செம்மை மீண்டும் படர்ந்து, சகஜமலம் பற்றிய நம் கொள்கையை ஊர்ஜிதம் செய்யும்.

இவ்வளவும் முடித்துப் பூட்டிய பின்னும் எஞ்சின் உறுமாதிருப்பது அபூர்வமன்று. கார்பரேட்டர் கோளாறு எனப்படுவதில் பெரும்பாலானது மின்பொறிக் கோளாறே என்பது அந்நாட்டு டிராக்டர்காரரிடையே வழங்கும் கர்ணபரம்பரை வார்த்தை. அது தெரிந்தும் கார்பரேட்டரையே முதலில் கழற்றுவது ஏன் என்பதற்கு மனோதத்துவ சாஸ்திரத்தைத் துழாவ வேண்டியதில்லை. 1950இல் பக்கவாட்டுக்கு மாற்றும் வரை, 8என் வண்டியில் மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் முகப்பில், விசிறிக்குப் பின்னே, விரல் நுழையாத இடுக்கில் ஒடுங்கியிருந்தது. கார்பரேட்டரோ, இரண்டே போல்ட்டில், நின்றவாக்கில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.