டிபி இலக்கணம்: முதல், கரு, உரி

தோழியை வீட்டிலேயே நிற்கவைத்து, நடிகை மாதிரி படம் பிடித்துத் தரும் கலைக்கு இதுவரை யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. பொருளதிகாரம் எழுந்த காலத்தில் செல்போன் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஆகவே பழைய நெறிப்படியே தொடங்குவோம்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், ஹால் ஜன்னலும் ஜன்னல் சார்ந்த இடமும். மொட்டை மாடி என்பாரும் உளர். அங்கே கொடிக்கயிறும் தண்ணீர் டேங்கும் தலைக்குப் பின்னால் முளைப்பதால், அதைத் திணைமயக்கம் என்று தள்ளுக. சிறுபொழுது எற்பாடு, அதாவது சாயங்காலம் நாலரை. பெரும்பொழுது கல்யாண சீசன். தைக்கக் கொடுத்த பிளவுஸ் அப்போதுதான் கைக்கு வரும்.

கருப்பொருள்: பவுடர், சேஃப்டி பின், கூந்தல் பறக்க டேபிள் ஃபேன், அப்பாவின் வெள்ளை வேட்டி, டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோல். வேட்டியை ஜன்னலில் கட்டினால் வெயில் பரவி இதமாகும். கம்பி நிழல் கன்னத்தில் கோடு போடாது. எதிர்ப்பக்கம் தெர்மாகோலைப் பிடித்தால் இருண்ட கன்னத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். பிடிக்கத் தம்பி வேண்டும், தம்பிக்கு லஞ்சம் வேண்டும். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு முந்திக்கொள்ளும், காது பின்வாங்கும். குற்றம் மூக்கினுடையதன்று, தூரத்தினுடையது. ஆறடி தள்ளி நின்று ஜூம் செய்க.

உரிப்பொருள்தான் ஆராயத்தக்கது. அது ஊடலும் ஊடல் நிமித்தமும்.

“ஐயே, இது நான் இல்லடி. டெலீட் பண்ணு.”

“சூப்பரா இருக்கேடி!”

இருவரும் உண்மையே சொல்கிறார்கள். 1977-ல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் சிலர், மாணவிகளிடம் அவரவர் படத்தையும், அதையே இடவலம் திருப்பிய படத்தையும் காட்டினார்கள். பெரும்பாலான மாணவிகளுக்குத் திருப்பிய படம்தான் பிடித்தது; கண்ணாடியில் தினமும் பார்த்துப் பழகிய முகம் அதுதானே. தோழிகளுக்கோ உள்ளபடியான படம் பிடித்தது. ஆக இந்த ஊடலுக்கு மருந்தில்லை.

இத்துறையின் ஆதி ஆசிரியை ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு, இங்கிலாந்தின் வைட் தீவில், வீட்டுக் கோழிக்கூட்டையே ஸ்டூடியோ ஆக்கினார். நண்பர்கள், வேலைக்காரப் பெண்கள், யார் சிக்கினாலும் நிமிடக் கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்காரவைத்தார். படம் மங்கல் என்று அன்றைய விமர்சகர்கள் கேலி செய்தார்கள். இன்று அந்த மங்கலுக்காகத்தான் போனில் தனியாக ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். நண்பரான கவிஞர் டென்னிசன், அவர் எடுத்த தன் படம் ஒன்றுக்கு ‘அழுக்குத் துறவி’ என்று பேர் வைத்தார். டெலீட் பட்டன் இல்லாத காலம், வேறென்ன செய்வார்? 1875-ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கேமரன், அங்கும் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்து, 1879-ல் அங்கேயே காலமானார்.

புறனடை: எடிட்டில் படத்தை இடவலம் திருப்பிக் காட்டினால் ஊடல் தணியும் என்பர் ஒருசாரார். உண்மைதான், தோழி உடனே சம்மதிப்பாள், டிபியும் மாறும். பத்தாவது நிமிடம் அவள் அம்மாவிடமிருந்து போன் வரும். “என்னடி கூத்து இது? முந்தானை வலது தோளுக்குப் போயிருக்கு, மூக்குத்தியும் பக்கம் மாறியிருக்கு!”