திங்கட்கிழமை மனிதர்

எந்தத் தெருவிலும் இவர் மாதிரி ஒருவராவது இருப்பார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இவர் வேறு ஆள். காலை 4.45க்கு எழுவார்; அரை மணி தியானம், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், இருபது பக்கம் படிப்பு, சர்க்கரை போடாத காபி என்று வாழ்க்கை தண்டவாளத்தில் ஏறிவிடும். இன்றைக்கு வியாழன்தானே, அதனால் இரண்டு பரோட்டா சாப்பிடுவதில் தவறில்லை. இவரைச் சோம்பேறி என்று தள்ளிவிடுகிறவர்கள் இவரைச் சரியாகப் பார்த்ததில்லை. சோம்பேறிக்கு ஓய்வாவது மிஞ்சும், இவருக்கு அதுவும் இல்லை. முன்னேற்றத்தைப் பற்றிப் படிக்கிறார், கேட்கிறார், குறிப்பெடுக்கிறார், அட்டவணை போடுகிறார், போட்ட அட்டவணையைத் திருத்துகிறார். நாள் முழுக்க உழைக்கிற மனிதர். அந்த உழைப்பு முழுவதும் உழைக்கத் தயாராவதிலேயே செலவாகிவிடுகிறது என்பதுதான் இவர் கதை. தயாராவதிலேயே ஒரு திருப்தி கிடைத்துவிடுகிறது. செய்யாத வேலைக்கு முன்பணம் வாங்கியது மாதிரி. முன்பணத்திலேயே முழுக்கூலியும் கைக்கு வந்துவிட்டால், அப்புறம் எந்த மேஸ்திரி வேலைக்கு வருவார்?

இவருடைய டைரியைக் கொஞ்சம் புரட்டினால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ‘என் வாழ்வின் இலக்கு’, அதன் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட இரட்டைக்கோடு. ஜனவரி முதல் தேதியில் பதினெட்டு வரி, இரண்டாம் தேதியில் பன்னிரண்டு வரி. ஒன்பதாம் தேதி வந்ததும் ‘நேற்று மாதிரியே’ என்று ஒரே வரி. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டைரி மேஜை மேலேயே தங்கிவிட்டது. பிப்ரவரியில் பால் கணக்கு. ஏப்ரல் முழுக்க வீட்டுப் பிள்ளை வரைந்த யானைகள். டைரி இப்படிப் போனதும் போனுக்கு மாறினார். தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒரு செயலி, மூச்சு விடச் சொல்ல ஒன்று, போனைக் கீழே வைக்கச் சொல்லவும் ஒன்று. சொந்தத் தொழில் தொடங்கப் போவதால் விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறார். பெயருக்குக் கீழே ‘நிறுவனர்’ என்று பொன்னிற எழுத்து. “என்ன தொழில் மச்சான்?” என்று கேட்டால், “அது இன்னும் முடிவாகல மாப்ள. ஆனா மைண்ட்செட் ரெடி” என்பார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: “டேய், குழாய் சொட்டுதுன்னு எத்தனை நாளா சொல்றேன். அந்த வாஷரை மாத்தக் கூடாதா?” நம்மவர் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வார்: “அம்மா, ஃபோகஸ் போயிடும். கொஞ்சம் சும்மா இரு.”

திங்கட்கிழமைக்கு வருவோம். நம்மவர் முற்போக்கானவர், ராகு காலம் பார்க்க மாட்டார்; பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். ஆனால் திங்கட்கிழமை பார்ப்பார், ஒன்றாம் தேதி பார்ப்பார், புத்தாண்டு பார்ப்பார். (திங்களன்று ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், ஒரு சாக்கு கூடிப்போகும்.) இந்த நாள் நம்பிக்கை முழுக்க மூடத்தனமும் அல்ல. 2014இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் ஆகிய, அமெரிக்காவில் பணியாற்றிய மூன்று ஆய்வாளர்கள், வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் ஜிம்முக்குப் போகிறவர்கள் கூடுவதைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பழைய தோல்விகளை எல்லாம் ‘போன மாதத்து ஆள்’ கணக்கில் எழுதிவிட்டுப் புது ஆளாகக் கிளம்புவது மனிதருக்குச் சுலபமாக இருக்கிறது. ஆக, திங்கட்கிழமைக்குச் சக்தி உண்டு. வாசல் வரை கொண்டுவிடுகிற சக்திதான் அது. நம்மவர் அதையே வண்டியாக நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆண்டுக்கு 52 திங்கட்கிழமைகள். மற்றவர்கள் ஒரு தடவை தொடங்குவதை இவர் 52 தடவை தொடங்குகிறார். தொடங்குவதில் இவரை யாரும் மிஞ்ச முடியாது.

‘21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்’ என்பது அவருக்கு வேதவாக்கு. இந்த 21 எங்கிருந்து வந்தது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தன் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் மிச்சம். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவர் சகாக்களும் 96 பேரை வைத்து நிஜமாகவே எண்ணிப் பார்த்தபோது நடுமதிப்பு (மீடியன்) 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் என்று மதிப்பிட்டார்கள். அந்த 96 பேர் எடுத்துக்கொண்ட காரியங்களும் உலகை வெல்லும் காரியங்கள் அல்ல. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் மாதிரி விஷயங்கள். அந்த ஆய்வில் நம்மவர் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய வரி ஒன்று உண்டு: நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆனால் இவர் கணக்கு வேறு. புதன்கிழமை ஒரு நாள் அலாரத்தை அணைத்துவிட்டால் அந்த வாரமே தீட்டுப்பட்டுப் போகும். வியாழன், வெள்ளி, சனி மூன்றும் துக்க நாள்கள். ஞாயிறு புது அட்டவணை. ஒரு நாள் தவறியதற்கு நான்கு நாள் அபராதம் கட்டுகிற நியாயத்தை எந்தக் கந்துவட்டிக்காரரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

அதிகாலை எழுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், அவருடைய மதத்தில் மூலவர் அதுதான். வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் ஐந்து மணிக்கு முன் எழுந்தவர்கள் என்பார். இருக்கட்டும். கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் அவர் அலாரம் அடிப்பதற்கு வெகு முன்பே எழுந்து பாதி வேலையை முடித்திருப்பார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெண்களும் அப்படித்தான், தெருமுனையில் இட்லிக்கடை போடுகிற அம்மாளும் அப்படித்தான். சீக்கிரம் எழுவதுதான் கோடீஸ்வரர் ஆகும் வழி என்றால் சென்னையின் செல்வமெல்லாம் கோயம்பேட்டில் சுமைதூக்குவோர் கையில் அல்லவா இருக்க வேண்டும்? இன்னொன்று. அந்தப் புனித விடியலில் இவர் தியானத்திலிருந்து எழும்போது டம்ளரில் காபி தயாராக இருக்கிறதே, அதைப் போட்டவர் யார்? இந்தச் சொற்சித்திரம் முழுக்க இவர் ஆணாகவே வருவதற்குக் காரணம் இதுதான். தெருவில் இந்த வகைப் பெண்கள் அபூர்வம். பெண்களும் 4.45க்கு எழுகிறவர்கள்தான், ஆனால் எழுந்ததும் பால் பொங்குகிறது. போகட்டும், தூக்கத்துக்காகவும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி என்று நம்மவர் அடிக்கடி சொல்கிறாரே, அந்த எண் கிளம்பிய இடம் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து 1993இல் வெளியிட்ட ஆய்வு. அதில் சிறப்பாக வாசித்தவர்கள் சாதகம் அதிகம் செய்திருக்கிறார்கள். அதோடு மற்றவர்களைவிட அதிகமாகத் தூங்கியும் இருக்கிறார்கள், மதியத் தூக்கம் உட்பட. பத்தாயிரம் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது, மதியத் தூக்கம் வரவில்லை.

காலை 4.50க்கு அவர் ஸ்டேட்டஸில் ஒரு படம் ஏறும்: இருட்டு, ஒரு ஜோடி ஓட்டக் காலணி, ‘பயணம் தொடங்கியது’. ஏழு மணிக்குள் நாற்பது கட்டைவிரல்கள் விழுந்துவிடும், பெரியப்பாவின் கூப்பிய கைகள் உட்பட. காலணி ஓடியதா என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. தன்னை இன்னாராக ஆக்கிக்கொள்ளப் போகிறேன் என்ற எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டார்கள் என்று தெரிந்த மாணவர்கள், மனதுக்குள்ளேயே வைத்திருந்தவர்களைவிடக் குறைவாகவே உழைத்தார்கள். ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது, ஆகவே பாதி ஆகிவிட்டோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. நான் சொன்ன முன்பணம் இதுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுக் கல்யாணச் சாப்பாடு ஆயிற்று என்று கை கழுவுகிறவர் இவர்.

‘சும்மா கிடப்பதைவிட இது தேவலை அல்லவா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குடித்துக் கிடப்பதைவிட டைரி எழுதுவது நல்லது, மறுப்பதற்கில்லை. இன்னும் பலமான ஆட்சேபமும் உண்டு. முன்னேற்ற நூல்களைக் கேலி செய்வது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு; அமெரிக்காவில் தொழில் நடத்திவிட்டுத் திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ எத்தனையோ சிற்றூர் இளைஞர்களுக்கு ‘உன்னாலும் முடியும்’ என்று முதன்முதலில் சொன்ன குரல் அல்லவா? ஆம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைக்குத் தைரியம் சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு விண்ணப்பப் படிவம் வாங்கப் போகிறான். நம்மவர் அடுத்த புத்தகம் வாங்கப் போகிறார். என் வழக்கு புத்தகத்தின் மேல் அல்ல, முப்பத்தேழாவது புத்தகத்தின் மேல். இந்த வகை எழுத்துக்கே பெயர் வைத்த சாமுவேல் ஸ்மைல்ஸின் நூல் 1859இல் வந்தது. அதில் நிறைந்திருப்பவர்கள் மண் பிசைந்த குயவர்களும் இயந்திரம் செய்தவர்களும். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே விஷயம். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதே விஷயம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருக்குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62. ஊக்கம் கொள், சோம்பலை விடு, செய் என்று மூன்றே அதிகாரத்தில் வள்ளுவர் வேலைக்கு வந்துவிடுகிறார். நம்மவர் 60இலேயே குடியிருக்கிறார், அதற்குள் வீடும் கட்டிவிட்டார்.

‘மனநிலைதான் எல்லாம்’ என்று கடைசியாக ஒன்று சொல்வார், அதையும் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். திறமை பிறவியிலேயே தீர்மானமானது அல்ல, வளரும் என்ற எண்ணத்தைப் பற்றி கேரல் டுவெக் 2006இல் எழுதிய புத்தகம் நம்மவர் அலமாரியில் இரண்டு பிரதி இருக்கிறது. முதலாவது வாங்கியது மறந்து போயிற்று. அந்தக் கருத்தை அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பாடம். படிப்பில் பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண் சராசரி, நான்குக்கு 0.1 உயர்ந்தது. ஒரு மணி நேரச் செலவுக்கு அது நல்ல லாபம், நான் பரிகசிக்கவில்லை. ஆனால் நான்கில் 0.1 என்பது சாம்பாரில் பெருங்காயம். இல்லாவிட்டால் குறை தெரியும். ஆனால் பருப்பு வேக வைக்காமல் பெருங்காயத்தை மட்டும் நாள் முழுக்கக் கரைத்துக்கொண்டிருந்தால் இலையில் என்ன விழும்? அந்தப் பிள்ளைகள்கூட அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வழக்கமான பாடங்களுக்குத்தான் போனார்கள். அடுத்த மனநிலை வகுப்புக்குப் போகவில்லை.

இதைப் படிக்கிற திங்கட்கிழமை மனிதருக்கு ஒரு விண்ணப்பம். நல்ல வரிகள் என்று தோன்றினால் அடிக்கோடு போடாதீர்கள், குழுவில் பகிராதீர்கள், இதை வைத்துப் புது அட்டவணையும் போட்டுவிடாதீர்கள். வீட்டுக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வாஷர், ஒரு ஸ்பேனர், கால் மணி நேரம். மெயின் வால்வை மட்டும் மறக்காமல் மூடிக்கொள்ளுங்கள். இன்று என்ன கிழமையாக இருந்தாலும் சரி.