விற்றவர் வட்டி கட்டுவாரா?

வாசகர், கும்பகோணம்: நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினேன். பத்திரத்தில் கிரயம் என்று எழுதி ஏமாற்றிவிட்டார்கள். கோர்ட்டில் ‘மோசடி’ என்று சொன்னால் போதாதா?

நிலத்தை விற்றவர், வாங்கியவருக்கு மாதாமாதம் வட்டி கட்டுவாரா? வட்டி கட்டிய ரசீது இருந்தால், இந்தக் கேள்வியை எதிர்த்தரப்பிடம் கேட்கலாம்!

‘மோசடி’ என்ற ஒற்றைச் சொல் செல்லாது. யார், என்று, என்ன பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்ற விவரத்தை வழக்குரையிலேயே எழுதவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. பத்திரத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்ற தடை, மோசடியை நிரூபிப்பதற்கு இல்லை. காலக்கெடுவும் மோசடி தெரியவந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். ஆனால் விசாரித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றால் அந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே இன்றே வில்லங்கச் சான்று எடுங்கள், ரசீதுகளோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.