வெங்காயத்துக்குத் தோணி, நமக்கு ரயில்!

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போக எது வசதி?
(வாசகி, மாம்பலம்)

முத்துநகர் எக்ஸ்பிரஸ். இரவு எழும்பூரில் ஏறிப் படுத்தால், காலையில் தூத்துக்குடி. தூங்கிப்போய் ஊரைத் தவறவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது, கடல்தான்! முன்பதிவு 60 நாள் முன்னால் தொடங்கும். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. விவரம் தெரிந்தவர்கள் மே மாதக் கடைசியிலேயே டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பார்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. என்ன செய்ய?
(வாசகர், தாம்பரம்)

திருநெல்வேலிக்கு டிக்கெட் பாருங்கள். இரவில் நெல்லை எக்ஸ்பிரஸ், பகலில் வந்தே பாரத். அங்கிருந்து தூத்துக்குடி சுமார் 50 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மதுரையில் இறங்கினாலும் நான்குவழிச் சாலை உண்டு, ஆனால் சுமார் 140 கிலோமீட்டர். காரில் போனால் எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடிகள் உங்களை அன்போடு வரவேற்கும்.

மணியாச்சியில் ரயில் மாறலாம் என்கிறார்களே?
(வாசகர், விருதுநகர்)

மாறலாம். தூத்துக்குடிப் பாதை அங்கேதான் பிரிகிறது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் துரையும் அங்கே இணைப்பு ரயிலுக்காகத்தான் காத்திருந்தார். வாஞ்சிநாதனின் துப்பாக்கி முந்திக்கொண்டது. ஸ்டேஷன் பெயரே இன்று வாஞ்சி மணியாச்சி. இப்போது காத்திருப்பவர்களுக்குக் கொசுவைத் தவிர வேறு ஆபத்து இல்லை.

விமான நிலையம் பெரிதாகிவிட்டதாமே?
(வாசகி, கோவை)

1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராகிவிட்டது. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறந்தார்கள். முன்பு சின்ன ஏடிஆர் விமானம்தான் வந்து போனது. இனி ஏர்பஸ்ஸும் இறங்க இடமிருக்கிறது. பாதை போடுவது அரசாங்கம், விமானத்தை விடுவது கம்பெனிகளின் லாபக் கணக்கு. நிலையம் இருப்பது வாகைக்குளத்தில், ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டோ வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

துறைமுக நகரம்தானே, கொழும்புக்குக் கப்பல் இல்லையா?
(வாசகர், புதுச்சேரி)

2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் கிளம்பியது, நவம்பரிலேயே நின்றுவிட்டது. ஆள் போதவில்லை, கடன் மிச்சம். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் கூட்டம் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. இன்று கப்பலில்தான் இலங்கை போவேன் என்று அடம்பிடித்தால், நாகப்பட்டினம் போய்க் காங்கேசன்துறைக்கு டிக்கெட் கேளுங்கள். கொழும்புதான் வேண்டும் என்றால் மதுரையிலிருந்து பறக்கலாம்.

வ.உ.சி. கப்பல் விட்டாரே, அது ஏன் நிலைக்கவில்லை?
(வாசகி, ஒட்டப்பிடாரம்)

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்களையும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணம் என்றது. கூடவே குடையும் இலவசம் என்பார்கள். 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள், கம்பெனி நொடித்தது. போட்டியாளர் தலை சாய்ந்தபிறகு இலவசம் என்ன ஆகும் என்பதை, முதல் மாதம் சும்மா கொடுக்கும் எந்த மொபைல் கம்பெனியும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவு போகின்றனவே, தொற்றிக்கொள்ள முடியாதா?
(வாசகர், திருச்சி)

முடியாது. அவை சரக்குத் தோணிகள். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் எல்லாம் ஏறிப் போகும். நீங்கள் மாலே போக வேண்டுமானால் பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்துக்குப் போங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?
(வாசகி, சேலம்)

மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு. ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வாங்குங்கள். ரயிலில் மட்டும் திறக்காதீர்கள். பக்கத்து பெர்த்துக்கு நீட்டாமல் தின்ன முடியாது, நீட்டினால் மிஞ்சாது.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறதே, இனி அதில் ஏறலாமா?
(வாசகர், திருச்செந்தூர்)

2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். சிறிய செயற்கைக்கோள்களை அனுப்பத்தான் அந்தத் தளம். ஆளை ஏற்ற அல்ல. ஆக, தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வெங்காயம் மாலத்தீவு போகிறது, செயற்கைக்கோள் விண்வெளிக்குப் போகப்போகிறது. நீங்களும் நானும் தட்கல் கவுன்ட்டருக்குப் போகலாம், வாருங்கள்!