மலைப் பாதையும் மாத்திரைச் சீட்டும்

கேள்வி: என் 8 வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), கூடவே பயமும் இருக்கிறது என்கிறார் டாக்டர். மாத்திரை பிள்ளையை மந்தமாக்கிவிடும் என்று வீட்டுக்காரர் சீட்டை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். மருந்தில்லாமல் முடியாதா?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: சீட்டை எடுத்துத் தூசி தட்டுங்கள், அம்மா. வழக்கமாகத் தரும் மெத்தில்பெனிடேட் தூங்கவைக்கும் மருந்தல்ல. காபியைப் போல விழிப்பூட்டும் இனம். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்காரர்களுக்கு இது புரியும். (அதற்காகப் பையனுக்கு டம்ளரில் காபி ஊற்றிவிடாதீர்கள், பயம்தான் கூடும்.) பிள்ளை சோர்ந்து கிடந்தால் அளவு கூடியிருக்கலாம், சொன்னால் டாக்டர் சரிசெய்வார். பசி மந்தம், தூக்கக் குறைவு வரலாம். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே தருவார்கள்.

6 வயதுக்குள் என்றால் பெற்றோர் பயிற்சிதான் முதலில். உங்கள் மகன் வயதில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் அதிகம். பயத்துக்கோ முதல் மருந்து பேச்சு: பயந்ததைச் சிறிது சிறிதாகச் செய்து பழக்கும் சிகிச்சை.

வீட்டில், “சட்டையை மாட்டு, பையை எடு, சாக்ஸ் போடு” என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே திருப்பில் ஏறிய பஸ் உண்டா? ஒன்று சொல்லுங்கள், முடித்ததும் தட்டிக்கொடுங்கள், பிறகு அடுத்தது.

அடுத்த முறை வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். அவர் சந்தேகம் நியாயமானது, டாக்டரிடமே கேட்கட்டும். அதற்குமுன் யாரிடமாவது பேச வேண்டுமானால் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, இலவசம்.